ஒரு 'ரன்'னுக்கு 645 அர்த்தம்

ரன் என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது கிரிக்கெட், அடுத்தது ஓட்டம். அதோடு நிறுத்திக்கொண்டால் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைக்கூட முழுசாகப் படித்துமுடிக்க முடியாது. மூக்கு ஒழுகினால் ரன், கம்பெனியை நடத்தினால் ரன், துவைக்கும்போது துணியின் சாயம் இறங்கினால் ரன், பத்திரிகையில் ஒரு செய்தியைப் போட்டால் ரன், கம்ப்யூட்டரில் புரோகிராம் வேலை செய்தால் ரன், திருட்டுத்தனமாக ஆயுதம் கடத்தினாலும் ரன். மூன்றே எழுத்து, ஒரே அசை.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக இந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுதும் வேலை பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியரிடம் வந்தது. ஒன்பது மாதம் பிடித்தது. முடிவில் வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் தேறின, பெயர்ச்சொல்லாக வருவது தனிக் கணக்கு. அதுவரை அந்த அகராதியில் 'செட்' என்ற சொல்தான் முன்னால் நின்றது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதன் வினைப்பொருள்கள் மட்டும் 430-ஐத் தாண்டின.

இத்தனை பொருளையும் யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் சேர்க்கவில்லை. கால்களால் விரைந்து போவது, நீர் பாய்வது, இந்த இரண்டு பொருளும் இந்தச் சொல்லில் மிகப் பழையவை. பாய்வதிலிருந்து மூக்கு ஒழுகுவதும் சாயம் இறங்குவதும் வந்தன. கால் ஓட்டத்திலிருந்து பந்தயம், பந்தயத்திலிருந்து தேர்தல் போட்டி. சக்கரம் வைத்த வண்டிகளும் இயந்திரங்களும் பெருகிய காலத்தில், நகர்கிற பொருளுக்கு இருந்த சொல் இருந்த இடத்திலேயே இயங்குகிற பொருளுக்கும் ஒட்டிக்கொண்டது. இன்ஜின் ரன் ஆனது, கடிகாரம் ரன் ஆனது, பிற்பாடு கண்ணுக்கே தெரியாத புரோகிராமும் ரன் ஆனது. ஒவ்வொரு அடியும் சின்ன அடிதான், பக்கத்தில் இருக்கிற பொருளுக்குத்தான் சொல் தாவுகிறது. ஆனால் பத்து அடி தாண்டித் திரும்பிப் பார்த்தால், கிளம்பிய இடத்துக்கும் வந்து சேர்ந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். மூக்குக்கும் கம்பெனிக்கும் நடுவே நேரான பாலம் கிடையாது, இருவரும் ஒரே கொள்ளுத்தாத்தாவின் வேறு வேறு கிளைப் பேரர்கள்.

இதை ஏதோ ஆங்கிலத்தின் கிறுக்குத்தனம் என்று நினைப்பவர்கள் நம்முடைய 'ஓடு' என்ற சொல்லை ஒரு நிமிஷம் கவனிக்க வேண்டும். ரயில் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, ரத்தம் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனசுக்குள் ஓர் எண்ணம் ஓடிக்கொண்டே இருக்கிறது, கவலை வந்தால் ஒன்றும் ஓடவில்லை. ஆங்கிலமும் தமிழும் வேறு வேறு மொழிக்குடும்பம், இருந்தும் கால் ஓட்டத்தில் தொடங்கி இத்தனை கிளைகளில் இரண்டும் ஒன்றாகவே பிரிந்திருக்கின்றன. மனித மனம் அசைவைக் கொண்டுதான் நேரத்தையும் இயக்கத்தையும் தொடர்ச்சியையும் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் ஓர் உதாரணம் வேண்டுமா?

ஆனால் எல்லாக் கிளையும் ஒன்றுபோல் வளர்வதில்லை, எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். ஆங்கிலத்தில் கம்பெனி ஓடுகிறது, தமிழில் நாம் அதை நடத்துகிறோம், அதாவது நடக்க வைக்கிறோம். அமெரிக்காவில் ஒருவர் தேர்தலில் 'ரன்' செய்வார், பிரிட்டனில் அதே வேலைக்கு 'ஸ்டாண்ட்' என்பார்கள், நாமும் நிற்கிறார் என்றுதான் சொல்கிறோம். ஒரே போட்டி, ஒரு ஊரில் ஓட்டம், இன்னொரு ஊரில் நிற்றல்.

சரி, முட்டை ஓடு? கூரை ஓடு? அதுவும் 'ஓடு'தானே என்று கேட்கலாம். அது வேறு விஷயம். பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்திருந்தால் அது பலபொருள் ஒருசொல். இதற்கு 'பாலிசெமி' என்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெயர் வைத்தவர் பிரெஞ்சு மொழியியலாளர் மிஷேல் பிரேயல். பொருளில் தொடர்பே இல்லாமல் ஒலி மட்டும் ஒத்துப்போனால் அவை இரண்டு சொற்கள், தற்செயலாக ஒரே சட்டை போட்டிருக்கின்றன, அவ்வளவுதான். 'செட்' இதில் சுவாரஸ்யமான ஆள். வை, அமை என்ற பொருளில் வரும் வினை, உட்கார் என்று பொருள்படும் 'சிட்'டின் உறவு, உட்காரவை என்பதுதான் அதன் ஆதிப்பொருள். தொகுதி, கூட்டம் என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல்லுக்கோ பழைய பிரெஞ்சு வழியாக வந்த லத்தீனின் 'செக்டா' ஒரு மூலம். இரண்டு ஆறுகள் கலந்து, எந்தத் தண்ணீர் எதனுடையது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது.

மூளைக்கு இந்த வித்தியாசம் தெரிகிறது. திரையில் வருவது உண்மையான சொல்லா, சும்மா எழுத்துக்கோர்வையா என்று சட்டென்று சொல்லவேண்டிய சோதனையை ஜெனிஃபர் ராடும் அவருடைய சக ஆய்வாளர்களும் நடத்தி 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றோடொன்று உறவுள்ள பல பொருள் கொண்ட சொற்களை மக்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். உறவில்லாத பொருள்கள் கொண்ட சொற்களில் கொஞ்சம் தாமதித்தார்கள். அதாவது பல பொருள் இருப்பது மூளைக்குச் சுமை இல்லை, குடும்பமாக இருந்தால் உதவியே.

அப்புறம், கேட்ட உடனே சரியான பொருளை எப்படித்தான் பிடிக்கிறோம்? 1979-இல் டேவிட் ஸ்வின்னி இதை அழகாகச் சோதித்தார். 'பக்' என்றால் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவியும் அதே 'பக்'. சிலந்தி, கரப்பான் என்று பூச்சிகளின் பெயரை அடுக்கி, அடுத்து 'பக்' என்று வரும் வாக்கியத்தைக் காதில் ஒலிக்கவிட்டு, அந்தச் சொல் கேட்ட நொடியிலேயே திரையில் ஒரு சொல்லைக் காட்டினார். 'எறும்பு' என்ற பொருள்வரும் சொல்லை வேகமாக அடையாளம் கண்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். 'உளவாளி' என்ற சொல்லையும் அதேபோல் வேகமாகக் கண்டார்கள்! வாக்கியம் முழுக்கப் பூச்சி இருந்தும், மூளை ஒரு கணம் இரண்டு பொருளையும் எழுப்பிவிட்டிருந்தது. மூன்று அசை தள்ளிக் காட்டியபோது எறும்பு மட்டும் நின்றது, உளவாளி போய்விட்டார். நாம் உணர்வதற்குள் தேர்வு முடிந்துவிடுகிறது.

பழைய பொருளும் முழுசாகச் செத்துவிடுவதில்லை. சாலை கடலோரமாக 'ரன்' ஆகிறது என்பார்கள், நாமும் இந்த ரோடு எங்கே போகுது என்று கேட்கிறோம். ரோடு எங்கேயும் போகவில்லை, கிடந்த இடத்தில் கிடக்கிறது. டீனி மேட்லாக் 2004-இல் வெளியிட்ட சோதனைகளில், கரடுமுரடான பாதையிலோ மெதுவாகவோ பயணம் செய்யும் கதையைப் படித்தவர்கள், அதன்பின் வந்த இப்படிப்பட்ட சாலை வாக்கியத்தைப் படிக்கக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். மனசுக்குள் அந்த ரோட்டில் அவர்களும் கொஞ்சம் நடந்திருக்கிறார்கள்.

ஏன் குட்டிச் சொற்களுக்கே இத்தனை பொருள் என்றால், அடிக்கடி புழங்கும் சொல் பெரும்பாலும் குட்டையாக இருக்கும், அதே சொல்லுக்குத்தான் பொருளும் பெருகும். ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் 1945-லேயே இந்த உறவைக் கணக்காகவே எழுதிவைத்தார். 2012-இல் பியான்டடோசியும் அவருடன் சேர்ந்தவர்களும் இதைச் சிக்கன நடவடிக்கையாகவே விளக்கினார்கள். சூழலே பொருளைக் காட்டிக்கொடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் புதுச்சொல் எதற்கு, சொல்ல எளிதான சொல்லையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாமே.

மிஷினுக்கு இந்த விஷயம் ரொம்ப நாள் கைவரவில்லை. 1960-இல், இயந்திர மொழிபெயர்ப்பை ஆராய்ந்த யெஹோஷுவா பார்-ஹில்லெல் ஓர் எளிய வாக்கியத்தைக் காட்டினார்: பெட்டி 'பென்'னுக்குள் இருந்தது. எழுதுகிற பேனாவும் 'பென்', குழந்தை விளையாட அடைத்துவைக்கும் வேலியும் 'பென்'. பேனாவுக்குள் பெட்டி அடங்காது என்று குழந்தைக்கும் தெரியும், மிஷினுக்கு யார் சொல்வது? 2013-இல் வந்த வேர்ட்2வெக் என்ற, சொற்களை எண்களாக மாற்றும் கம்ப்யூட்டர் முறைகூட ஒரு சொல்லுக்கு ஒரே எண்வரிசைதான் வைத்திருந்தது, மூக்கும் கம்பெனியும் அதற்குள் கலந்து கிடந்தன. 2018-இல் வந்த எல்மோ, பெர்ட் போன்ற கம்ப்யூட்டர் மொழி மாடல்கள்தான் சுற்றியிருக்கும் சொற்களைப் பார்த்து ஒவ்வொரு இடத்துக்கும் தனி எண்வரிசை போடத் தொடங்கின.

மாற்றுச்சொல் தேடுகிறவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். 'ரன்'னுக்கு மாற்றுச்சொல் பட்டியலில் ஃப்ளோ, மேனேஜ், ஆப்பரேட், எக்ஸ்டெண்ட் எல்லாம் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் 'ரன்'னின் ஒரு கிளைக்கு மட்டும்தான் சொந்தம், தங்களுக்குள் அவை சொந்தக்காரர்கள் இல்லை. மூக்கு மேனேஜ் ஆகாது, கம்பெனியை யாரும் ஃப்ளோ செய்ய முடியாது. அதனால் பட்டியலை எடுக்கும் முன்னால், எது ஓடுகிறது, எதை ஓட்டுகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். 'ஷீ ரன்ஸ் எ லேப் தட் ரன்ஸ் டெஸ்ட்ஸ்' என்று ஒரு வாக்கியம் வந்தால், முதல் 'ரன்'னுக்கு நடத்து, இரண்டாவதுக்குச் செய். ஓடு என்ற சொல்லுக்கு அந்த வாக்கியத்தில் வேலையே இல்லை.