புகை சொல்லும் கந்தகக் கணக்கு

"துறைமுகத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். ஜன்னல் விளிம்பில் தினமும் கறுப்புத் தூசு படிகிறது. கேட்டால் கப்பல்காரர்கள் லாரியைக் கைகாட்டுகிறார்கள், லாரிக்காரர்கள் நிலக்கரிக் குவியலைக் கைகாட்டுகிறார்கள். இது யார் கிளப்பிய அழுக்கு என்று அறிவியலால் சொல்ல முடியுமா?" வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார்.

முடியும். அதிலும் கப்பலின் பங்கைப் பிரித்துச் சொல்லும் முறை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

வணிகத் துறைமுகத்தில் அளக்க வேண்டியவை ஏராளம். காற்றில் நுண்தூசு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள். தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன், கலங்கல், எண்ணெய்ப் படலம். அடிச்சேற்றில் ஈயம், செம்பு, பாதரசம் போன்ற உலோகங்கள். இவற்றை அளக்கும் கருவிகள் எல்லாம் பழகிப்போனவைதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் வைத்த கருவி, தன்னிடம் வந்து சேர்ந்த காற்றில் எவ்வளவு மாசு என்று மட்டுமே சொல்லும். ஒரே கப்பலின் புகை பக்கத்திலிருந்து வந்தால் அதிகமாகவும் தூரத்திலிருந்து வந்தால் குறைவாகவும் தெரியும். காற்று பலமாக அடித்தால் நீர்த்துப்போகும். அப்படியிருக்க, புகைப்போக்கியில் ஏறாமல், எரிபொருளைத் தொடாமல், கரையில் நின்றபடியே அந்தக் கப்பல் எரிப்பதில் எத்தனை சதவீதம் கந்தகம் என்று எப்படிச் சொல்வது?

விடை, விகிதம். எரிபொருளில் இருக்கும் கார்பன் ஏறத்தாழ முழுதும் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. கந்தகத்தில் பெரும்பகுதி கந்தக டை ஆக்சைடாக வெளியேறுகிறது. இரண்டும் ஒரே புகைப்போக்கியில் பிறந்து, ஒரே காற்றில் ஏறி, ஒன்றாகவே பயணம் செய்கின்றன. காற்று புகையை நூறு மடங்கு நீர்க்கச் செய்தால் இரண்டும் நூறு மடங்கு நீர்க்கும். ஆயிரம் மடங்கு என்றால் இரண்டும் ஆயிரம் மடங்கு. சிவப்பு மையையும் நீல மையையும் கலந்து ஒரு வாளித் தண்ணீரில் ஊற்றினாலும் சரி, ஒரு குளத்தில் ஊற்றினாலும் சரி, சிவப்புக்கு நீலம் எத்தனை பங்கு என்பது மாறாது அல்லவா? அதே கதைதான். கப்பல் எவ்வளவு தூரத்தில் போகிறது, எஞ்சின் எவ்வளவு பெரியது, காற்று எவ்வளவு வேகம் என்ற கேள்விகள் எல்லாம் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகின்றன. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

கணக்கைப் பள்ளிப் பாடத்தை வைத்தே போட்டுப் பார்க்கலாம். கார்பன் அணுவின் எடை 12, கந்தக அணுவின் எடை 32. கப்பல் எரிபொருளின் எடையில் சுமார் 87 சதவீதம் கார்பன். புகையில் 1000 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்கு ஒரு கந்தக டை ஆக்சைடு மூலக்கூறு இருந்தால், எரிந்தது 12,000 பங்கு கார்பனும் 32 பங்கு கந்தகமும். 32-ஐ 12,000-ஆல் வகுத்து 87-ஆல் பெருக்கினால் 0.232. எரிபொருளில் 0.232 சதவீதம் கந்தகம் என்று அர்த்தம். துறைமுகத்தில் புகையை மோப்பம் பிடிப்பவர்களுக்கு இந்த எண் மனப்பாடம்.

கார்பன் டை ஆக்சைடைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்றும் கந்தக டை ஆக்சைடை நூறு கோடியில் எத்தனை பங்கு என்றும் சொல்வது வழக்கம். முன்னது பிபிஎம், பின்னது பிபிபி. ஒரு பிபிஎம் என்பது ஆயிரம் பிபிபி; ஆகவே பிபிபியைப் பிபிஎம்மால் வகுத்தால், ஆயிரத்துக்கு எத்தனை என்பது நேராகவே கிடைத்துவிடும். கப்பல் கடந்துபோகும்போது கார்பன் டை ஆக்சைடு வழக்கமான அளவுக்கு மேல் 10 பிபிஎம் ஏறுகிறது, கந்தக டை ஆக்சைடு 22 பிபிபி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 22-ஐ 10-ஆல் வகுத்து 0.232-ஆல் பெருக்கினால் 0.51 சதவீதம். 22-க்குப் பதில் 150 என்றால் 3.48 சதவீதம்.

இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவே ஒரு பெரிய சட்ட மாற்றம் இருக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதிப்படி கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.50 சதவீதமாக இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் அது 0.50. பால்டிக், வட கடல் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 2015 முதலே 0.10. விதி வந்தபிறகும் அதிகக் கந்தகமுள்ள எரிபொருள் மலிவாகவே கிடைக்கிறது. ஆளில்லாக் கடலில் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணமும் வரும். அதனால்தான் டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தில் இப்படிப்பட்ட மோப்பக் கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். பாலத்துக்கு அடியில் போகும் கப்பல்களின் புகை தானாக மேலேறிக் கருவிக்குள் போகிறது.

கருவிக்குள் நடப்பது இன்னும் அழகு. சுமார் 214 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளி பட்டால், கந்தக டை ஆக்சைடு மூலக்கூறு அதை விழுங்கிக் கிளர்ச்சியடைந்து, 330 நானோமீட்டர் அருகே வேறொரு ஒளியாக உமிழ்கிறது. அந்த மங்கலான ஒளிர்வை எண்ணினால் மூலக்கூறுகளை எண்ணியதாகிவிடும். மூக்குக்கு இந்த வாயு தெரிய வேண்டுமானால் பல நூறு பிபிபி தேவை. நாற்றம் வரவில்லை, அதனால் மாசு இல்லை என்று சொல்பவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. கார்பன் டை ஆக்சைடுக்கு வேறு வழி: அது 4.26 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்த்தால் போதும்.

ஒருமுறை இப்படியோர் அளவீட்டு அறையில் திரைமுன் நின்றிருக்கிறேன். இரண்டு கோடுகள் அசையாமல் ஓடிக்கொண்டிருந்தன. சரக்குக் கப்பல் ஒன்று நகர்ந்து போன சில நிமிடங்களில் கார்பன் கோடு சட்டென்று எழும்பியது. கந்தகக் கோடு அசையவில்லை. சில நொடி கழித்து அதுவும் மெதுவாக ஏறி, உச்சியில் சற்றுத் தட்டையாக நின்று, மெதுவாகவே இறங்கியது. இரண்டு கருவிகளும் வெவ்வேறு வேகத்தில் இயங்குவதுதான் காரணம். உச்சிக்கு உச்சி ஒப்பிட்டால் விடை தப்பாகிவிடும். ஆகவே, ஒவ்வொரு மேட்டுக்கும் கீழே உள்ள பரப்பைக் கூட்டி, பரப்புக்குப் பரப்பு வகுக்கிறார்கள். வகுப்பில் எதற்கு என்று தெரியாமல் படித்த தொகையீடு, இங்கே ஒரு கப்பலைப் பிடித்துக் கொடுக்கிறது.

எந்தக் கப்பல் என்று கண்டுபிடிப்பது சுலபம். பெரிய கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகம் ஆகியவற்றை ஏஐஎஸ் என்ற ரேடியோ சமிக்ஞையில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே போகின்றன. காற்றின் திசையையும் வேகத்தையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் புகை கிளம்பிய இடமும் நேரமும் கிடைக்கும். அங்கே அப்போது இருந்த கப்பல் எது என்று பார்த்துவிடலாம்.

குறைகளும் இருக்கின்றன. காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் எதுவும் தெரியாது. இரண்டு கப்பலின் புகை கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. நைட்ரிக் ஆக்சைடும் அந்தப் புறஊதா ஒளியில் கொஞ்சம் ஒளிரும். அதைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். கந்தகத்தில் ஒரு சிறு பங்கு சல்பேட் துகளாகப் போய்விடுவதால் விடை உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். இத்தனை பிழைகளுக்கு இடமிருப்பதால், வரம்பை ஒட்டி 0.51 வந்த கப்பலை யாரும் குற்றவாளி என்று சொல்வதில்லை. 3.48 வந்த கப்பலை அடுத்த துறைமுகத்தில் நிறுத்தி, எரிபொருள் குழாயிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எரிபொருள் நிரப்பும்போது எடுத்து முத்திரையிட்ட மாதிரிப் புட்டியைக் குறைந்தது 12 மாதம் பாதுகாக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

புகை சுத்தமாக இருப்பதாலேயே கப்பல் சுத்தம் என்று ஆகிவிடாது. ஸ்க்ரப்பர் என்ற கழுவுகருவியைப் பொருத்திய கப்பல்கள் அதிகக் கந்தக எரிபொருளையே எரித்து, கடல்நீரைத் தெளித்துப் புகையைக் கழுவிவிடலாம். விதி அதை அனுமதிக்கிறது. திறந்த வகைக் கருவி என்றால் கழுவிய அமிலநீர், வனேடியத்தோடும் நிக்கலோடும் கடலுக்குள்ளேயே போகிறது. சிங்கப்பூர் 2020 முதல் தன் துறைமுக நீரில் இதற்குத் தடை போட்டிருக்கிறது. காற்றை மட்டும் அளந்துவிட்டுத் தண்ணீரை விட்டுவிட்டால், அழுக்கு இடம் மாறியதை மாசு குறைந்ததாக எண்ணிவிடுவோம்.

கடல் பெரியது, எல்லாவற்றையும் கரைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை எனக்கு அச்சம் தருகிறது. கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பி ஒட்டாமலிருக்க டிரைபியூட்டைல் டின் கலந்த பூச்சு பூசிவந்தார்கள். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒரு நானோகிராம் இருந்தாலே போதும், சிலவகைக் கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைத்துவிடும். அது முற்றினால் முட்டையிட வழி அடைபட்டு அந்த இடத்தில் இனமே அற்றுப்போகும். துறைமுக ஓரங்களில் நத்தைகளைச் சேகரித்துச் சோதித்தே நஞ்சின் அளவை மதிப்பிட்டார்கள். உலகளாவிய தடை 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் அந்த நஞ்சு மெதுவாகவே சிதையும், தூர்வாரும்போது கிளம்பும்.

இந்த வேலைக்குப் பணம் ஒதுக்கும் விதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதுக் கருவி வாங்கப் பணம் கிடைத்துவிடுகிறது. அதை வாரந்தோறும் கவனிக்கும் ஆளுக்குச் சம்பளம் கிடைப்பதில்லை. காற்று நுழையும் குழாயில் ஒரு வெள்ளை டெஃப்லான் வடிதாள் இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம். கடற்காற்றின் உப்பும் கரியும் படிந்து அது சாம்பல் நிறமாகிவிடும். மாற்றாவிட்டால் கந்தக டை ஆக்சைடு அந்தப் படிவிலேயே ஒட்டிக்கொள்ளும். திரையில் எண் குறைந்துகொண்டே போகும். காற்று சுத்தமாகிவருவதாக அறிக்கை எழுதப்படும். கருவி வாங்கும் தொகையிலேயே பத்து ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்து ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இனி அந்த ஜன்னல் விளிம்பு. பல நாடுகளில் லாரி டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். 0.50 சதவீதக் கப்பல் எரிபொருளில் அதைப்போல் 500 மடங்கு. ஆகவே கந்தகமும் கார்பனும் சேர்ந்து எழும்பினால் கப்பல். கந்தகம் இல்லாமல் நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் கூடினால் லாரிப் பக்கம் பார்க்கலாம். எந்த வாயுவும் ஏறாமல் பருந்தூசு மட்டும் வந்தால் குவியல்தான். தூசை ஒட்டுநாடாவில் ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் தெரியும்: நிலக்கரி கூர்முனையுள்ள சில்லுகளாக இருக்கும். எஞ்சின் கரியின் மணிச்சங்கிலி வடிவம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் புலப்படும். கடிதம் எழுதிய வாசகர் விளிம்பைத் துடைப்பதற்கு முன் நாளுக்கொரு நாடா ஒற்றி, தேதியும் அன்று காற்றடித்த திசையும் எழுதி வைக்கட்டும். ஒரு மாத நாடாக்கள் சேர்ந்தால், ஆய்வகத்துக்கு எடுத்துப்போக அது போதும்.