டிவியில் "வாங்கலாம்" என்கிறவர் யார்? செபி விதி சொல்வது

காலை ஒன்பதேகால். சந்தை திறந்த கையோடு சேனலில் ஒருவர், "இதை 510-ல வாங்கலாம், டார்கெட் 540, ஸ்டாப்லாஸ் 498" என்கிறார். டார்கெட் என்பது விலை ஏறும் என்று அவர் சொல்லும் இலக்கு; ஸ்டாப்லாஸ் என்பது விலை இறங்கினால் நஷ்டத்தை நிறுத்த விற்றுவிட வேண்டிய விலை. திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடி மறைகிறது. டார்கெட்டைக் குறித்துக்கொள்கிற நாம் அந்த வரியை விட்டுவிடுகிறோம். ஆனால் விதி நமக்கென்று வாங்கித் தந்திருப்பது அந்த வரியைத்தான்.

டிவியில் கேட்டது உங்களுக்குத் தரப்பட்ட ஆலோசனை அல்ல. எல்லோருக்கும் கிடைக்கும்படி பத்திரிகையிலோ ஒளிபரப்பிலோ சொல்வதை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2013-ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகள் 'முதலீட்டு ஆலோசனை' என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பதிவு பெற்ற ஆலோசகர் என்றால் உங்கள் வயது, வருமானம், கடன், எவ்வளவு நஷ்டம் தாங்குவீர்கள் என்றெல்லாம் கேட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். டிவியில் வருபவருக்கு நீங்கள் ஓய்வூதியக்காரரா, நேற்று வேலைக்குச் சேர்ந்தவரா என்பது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய கடமையும் இல்லை.

சரி, அதற்காக யார் வேண்டுமானாலும் வந்து பங்கின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாமா? முடியாது. இங்கே செபியின் 2014-ஆம் ஆண்டு ரிசர்ச் அனலிஸ்ட் (பங்குகளை ஆய்ந்து பரிந்துரைப்பவர்) விதிமுறைகள் குறுக்கே வருகின்றன. ஊடகத்தில் ஒரு பங்கைப் பரிந்துரைப்பவர் தன் பெயர், பதிவு நிலை, அந்த நிறுவனத்தில் தனக்குப் பண ஈடுபாடு உண்டா என்பதை வெளிப்படுத்தியாக வேண்டும். திரையின் அடியில் ஓடும் அந்தப் பொடி எழுத்து வரி இதற்குத்தான். ரிசர்ச் அனலிஸ்டின் பதிவு எண் ஐஎன்எச் (INH) என்று தொடங்கும். முதலீட்டு ஆலோசகருடையது ஐஎன்ஏ (INA). செபி இணையதளத்தில் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். சந்தை ஏறுமா, வட்டி குறையுமா என்று பொதுவாகப் பேசுகிறவர் இந்த வளையத்துக்குள் வரமாட்டார்.

இன்னொரு விதி எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரு பங்கைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிடுகிற அனலிஸ்ட், அதற்கு 30 நாள் முன்னிருந்து 5 நாள் பின்வரை அந்தப் பங்கில் கைவைக்கக் கூடாது. ஊருக்கு "வாங்கு" என்று சொல்லிவிட்டுத் தான் விற்கவும் கூடாது. வீண் கெடுபிடி இல்லை இது. 2024 பிப்ரவரியில் செபி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. இந்தி வணிகச் சேனல் ஒன்றுக்கு வந்த சில விருந்தினர்கள், தாங்கள் சொல்லப்போவதை ஒளிபரப்புக்கு முன்பே வேறு சிலர் காதில் போட்டார்கள். அவர்கள் முந்திக்கொண்டு வாங்கினார்கள். நிகழ்ச்சி பார்த்தவர்கள் வாங்க ஓடியபோது, முன்பே வாங்கியவர்கள் அந்தப் பார்வையாளர்கள் தலையில் விற்றுவிட்டு வெளியேறினார்கள் என்பது அந்த உத்தரவின் சாரம். இப்படிச் சம்பாதித்ததாகச் சொல்லி செபி முடக்கச் சொன்ன தொகை ரூ.7.41 கோடி.

புகார் என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் இலவசமாகப் பதியலாம். பதிவு பெற்றவர் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். விவரம் கேட்க 1800 266 7575. "டார்கெட் வரவில்லை" என்பது மட்டும் புகாராக எடுபடாது, நஷ்டமும் திரும்பாது. பதிவு எண்ணை மறைத்தார், தன் கையிருப்பைச் சொல்லவில்லை, உறுதியான லாபம் என்று வாக்குக் கொடுத்தார் என்றால் எழுதலாம். நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் குறித்து, அந்தப் பொடி எழுத்து வரி தெரியும்படி திரையை ஒரு படம் எடுத்து இணைத்துவிடுங்கள்.