சேவலுக்கு விடியல் முன்கூட்டியே தெரியும்

கோழி கூவியா பொழுது விடியுது என்று கேட்பார்கள். விடியாதுதான். ஆனால் பொழுது விடிவதைப் பார்த்துவிட்டுக் கோழி கூவுவதும் இல்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் சேவல்களை எந்நேரமும் ஒரே மங்கல் வெளிச்சம் உள்ள அறையில் விட்டுப் பார்த்தார்கள் (2013இல் வெளியான ஆய்வு). விடியலே இல்லாத அந்த அறையிலும் அவை ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் கூவின. பகலும் இரவும் மாறி மாறி வரும்படி விளக்கை வைத்தபோது, விளக்கு எரிவதற்குச் சுமார் 2 மணி நேரம் முன்னதாகவே ஆரம்பித்துவிட்டன.

வெளியே மாறுவதற்கு முன்பே உள்ளே மாறத் தொடங்குவது சேவலின் தனிவித்தை அல்ல. எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலையைக் கூம்பும்போது இருட்டிவிட்டதால் கூம்புகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1729இலேயே தெ மேரான் என்ற பிரெஞ்சு அறிஞர் இதே மாதிரி இலை மூடும் ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார். வெயிலே படாமலும் அது பகலில் விரிந்து இரவில் மூடியது. நம் உடம்பும் அப்படித்தான். எழுந்திருப்பதற்கு முன்பே உடல் வெப்பம் ஏறத் தொடங்கிவிடும், கார்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பு கூடும். சில நாள் அலாரம் அடிக்க 5 நிமிடம் இருக்கும்போதே விழிப்பு வருகிறதே, அதற்குப் பின்னால் இந்த வேலை நடக்கிறது.

சரி, உள்ளுக்குள் ஓடும் இந்தக் கடிகாரம் எங்கே? 1971இல் கொனோப்கா, பென்சர் என்ற இருவர் பழ ஈக்களில் மூன்று விசித்திரங்களைக் கண்டுபிடித்தார்கள்: ஒரு வகை ஈக்கு நாள் என்பது 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28, மூன்றாவதற்கு நாள் கணக்கே கிடையாது. மூன்றிலும் கெட்டுப்போயிருந்தது ஒரே மரபணு. அது எப்படி வேலை செய்கிறது என்று துருவிய ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. மாடித் தொட்டி மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மரபணு ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கிறது, புரதம் நிறைந்ததும் அதுவே திரும்பிப்போய் மிதவை சுவிட்ச் மாதிரி மரபணுவை நிறுத்திவிடுகிறது, பிறகு மெல்ல மெல்லச் சிதைந்து தீர்ந்ததும் மறுபடி மோட்டார் ஓடுகிறது. ஒரு முறை நிறைந்து வடிய ஏறக்குறைய 24 மணி நேரம்.

ஏறக்குறைய என்பதுதான் இங்கே விசேஷம். மனிதருக்குச் சராசரியாக 24 மணி 11 நிமிடம். தினமும் கொஞ்சம் பிந்தும் இந்தக் கடிகாரத்தை, கண்ணில் விழும் வெளிச்சம் தினமும் திருத்தி வைக்கிறது. கண்ணுக்குப் பின்னால், மூளையின் அடியில் இருக்கும் 20,000 சொச்சம் நரம்பு செல்களுக்கு அந்தத் தகவல் போகிறது. இப்படிப் பிந்துவது பழுது இல்லை என்பது என் கட்சி. திருத்த முடியாத துல்லியக் கடிகாரம் இருந்தால் ஊர் மாறினால்கூட ஆயுளுக்கும் பழைய ஊர் நேரத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

ஆனால் ஒரே நாளில் எவ்வளவு திருத்தலாம் என்பதற்கு அளவு உண்டு: பெரும்பாலும் சுமாராக ஒரு மணி நேரம். 1938இல் நதானியல் கிளைட்மன் என்ற தூக்க ஆய்வாளர் தன் மாணவர் ஒருவரோடு அமெரிக்காவின் மாமத் குகைக்குள் 32 நாள் தங்கி, 28 மணி நேர நாளாக வாழ்ந்து பார்த்தார். கணக்குப்படி வாரத்துக்கு 6 நாள்தான். மாணவரின் உடல் வெப்பம் புது நாளுக்குப் பழகிவிட்டது. கிளைட்மனுடையதோ கடைசி வரை 24 மணி நேரத்திலேயே ஏறி இறங்கியது. அவருக்கு வயது 40ஐத் தாண்டியிருந்தது, பாவம்.

நானும் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்திருக்கிறேன். அப்போது தெரியாமல் போன ஒன்று: ஒரே வெளிச்சம் முன்னிரவில் பட்டால் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், விடியற்காலையில் பட்டால் முன்னுக்கு இழுக்கும். ராத்திரி முழுக்க ஆபீஸ் விளக்கில் உட்கார்ந்து கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்ததை, காலை 6 மணிக்கு வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து கிழக்கு வெயிலை முகத்தில் வாங்கியே கெடுத்துக்கொண்டிருந்தேன். கூட வந்த ஒருவர் மட்டும் ஏறியதும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார், நாங்கள் கிண்டல் செய்வோம். காலை ஷிஃப்டிலிருந்து மதியம், மதியத்திலிருந்து இரவு என்று பிந்திய நேரத்துக்கு மாறுவது தலைகீழாக மாறுவதைவிட எளிது என்பதும் இதே காரணத்தால்தான், கடிகாரத்துக்குப் பிந்துவது சுபாவம்.

அப்புறம் கல்லீரல். அதற்கும் தனிக் கடிகாரம் உண்டு, அது வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டு வேளையைத்தான் பார்க்கும். மூளை இன்னும் சென்னை நேரத்தில் நடுராத்திரி என்று சொல்லிக்கொண்டிருக்க, 3 மணிக்கு நான் உள்ளே தள்ளிய பரோட்டாவை வைத்து அது எந்த ஊர் நேரம் என்று முடிவு செய்ததோ. சனி, ஞாயிறு வந்தால் வீட்டோடு பகலில் விழித்திருப்பேன். திங்கள் ராத்திரி எல்லாம் மறுபடி முதலிலிருந்து.