இடி கேட்டால் வேலையை நிறுத்தலாம்: மரப்பண்ணைத் தொழிலாளியின் உரிமை

மரப்பண்ணையில் வேலை நடக்கும்போது திடீரென வானம் கறுத்து இடி முழங்கினால், முதலாளியின் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம். வேளாண்மைப் பாதுகாப்பு பற்றிச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2001-இல் ஏற்ற 184-ஆம் உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவு இதை உரிமையாகவே சொல்கிறது. விலகியதற்காக அவருக்கு எந்தப் பாதகமும் நேரக் கூடாது.

ஆனால் மேற்பார்வையாளரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். அனுமதி கேட்க வேண்டாம், தகவல் சொன்னால் போதும். சொல்லாமல் போனால், வேலையைப் போட்டுவிட்டுப் போனதாக எழுதிவிடுவார்கள். நேரம், இடம், காரணம் மூன்றையும் செல்பேசியில் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுவது நல்லது. பின்னால் தகராறு வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

'நியாயமான காரணம்' எது? மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் தலைக்கு மேலேயே விழலாம். எண்ண முடியாவிட்டாலும், இடி காதில் விழுவதே போதுமான காரணம். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். இடையில் இன்னொரு இடி கேட்டால் கணக்கு முதலிலிருந்து.

மரத்தடியில் மட்டும் ஒதுங்காதீர்கள். மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர்மேல் தாவும், வேர்ப்பகுதி மண் வழியாகவும் பாயும். சுவர் உள்ள கட்டடம் அல்லது கண்ணாடிகளை ஏற்றிய கார், வேன்தான் பாதுகாப்பு. திறந்த கொட்டகையும் கூரையில்லாத டிராக்டரும் உதவாது. கம்பிவேலி, பாசனக் குழாய், இரும்பு ஏணி எதையும் தொடக் கூடாது.

பாதி அறுத்த மரம் நிற்கும்போது காற்று எழுந்தால் நிலைமை இன்னும் மோசம். எந்தப் பக்கம் சாயும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். அவசரமாக அறுத்து முடிக்கப் பார்க்காமல், மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரம் விலகுங்கள். எந்த மரம் என்பதையும் மேற்பார்வையாளருக்கு அனுப்பும் தகவலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதலாளியின் கடமை யாராவது முறையிட்ட பிறகு தொடங்குவதல்ல. ஆபத்து தெரிந்தவுடன் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்கிறது அதே 184-ஆம் உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு. தற்காலிக, பருவகாலத் தொழிலாளர்களுக்கும் நிரந்தரத் தொழிலாளர்களுக்குள்ள அதே பாதுகாப்பு உண்டு.

நின்ற நேரத்துக்குக் கூலி உண்டா என்பதை இந்தப் பிரிவுகள் நேரடியாகச் சொல்லவில்லை. அது நாட்டுச் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. மரக் கணக்கில் கூலி வாங்குபவர்தான் புயலிலும் ரம்பத்தைக் கீழே வைக்கத் தயங்குகிறார். ஆகவே வேலைக்குச் சேரும்போதே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காடுகளைத் தொழில்முறையில் வெட்டும் வேலை 184-இல் அடங்காது. ஆனால் அனைத்துத் தொழில்களுக்குமான அதே அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆம் உடன்படிக்கையிலும் விலகும் உரிமை இருக்கிறது. உடன்படிக்கையை ஏற்பளித்த நாடுகளையே இப்பிரிவுகள் கட்டுப்படுத்தும். இருந்தாலும், பாதுகாப்பான பணிச்சூழலைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2022 முதல் அடிப்படை உரிமையாக ஏற்றிருப்பதால், அந்தக் கொள்கையை மதிக்கும் கடமை அதன் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் உண்டு.

மழை விட்டதாலேயே ஆபத்து போய்விடாது. முறிந்து கிளைகளில் தொங்கும் கொம்புகள், வில்லாக வளைந்து விறைத்திருக்கும் மரங்கள், அறுந்த மின்கம்பிகள் எல்லாம் காத்திருக்கும். இவற்றைச் சரிசெய்யாமல், ஆபத்து நீடிக்கும் இடத்துக்குத் திரும்பும்படி முதலாளி வற்புறுத்த முடியாது என்கிறது 155-இன் 19-ஆவது பிரிவு.