ஆளுக்கொரு கல்வெட்டு

அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, கோயில் செலவுக்காகக் கொடுத்த 290 காசைப் பற்றிப் பேசுகிறது. காசை வாங்கிக்கொண்ட சபை, முதல் தொகையில் கை வைக்காமல், காசுக்கு 2 கலம் வீதம் ஆண்டுக்கு 580 கலம் நெல்லை வட்டியாக அளக்க வேண்டும். எல்லாம் கல்லில் இருப்பதால், ‘அப்படிப் பேசவே இல்லையே’ என்று சபை பின்னால் கையை விரிக்க முடியாது.

ஆனால் கல் ஒன்றுதான். திருப்பணி என்று கிளம்பி யாராவது அதைக் கொத்திவிட்டால் கணக்கும் போயிற்று.

பொது பிளாக்செயின் என்னும் கணினிக் கணக்கேடு அந்தக் கல்லை ஆளுக்கொரு படியாக்குகிறது. 2009 ஜனவரி 3 அன்று தொடங்கிய பிட்காயின் என்ற இணையப் பணத்தில் கணக்கு கட்டுக்கட்டாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு கட்டிலும் முந்தைய கட்டின் கைரேகை மாதிரி 64 எழுத்துக் குறி ஒன்று இருக்கும். பழைய கட்டில் 290ஐ 29 என்று திருத்தினால் அந்தக் குறி அடியோடு மாறிவிடும். அடுத்த கட்டோடு ஒட்டாது. மற்றவர்களின் கணினிகள் அதைத் தள்ளிவிடும்.

சரி, கணக்கைத் திருத்த முடியாது. கணக்குப் போடும் விதியிலேயே ஓட்டை இருந்தால்?

2010 ஆகஸ்ட் 15 அன்று அதுதான் நடந்தது. மொத்தமே 2.1 கோடி பிட்காயின்தான் இருக்கலாம் என்பது விதி. 74638ஆம் கட்டில் யாரோ 18,400 கோடிக்கு மேல் உருவாக்கியிருந்தார்! ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி 99999ஐத் தாண்டினால் சுழன்று பூஜ்யத்துக்கு வருமே, அதே கதை. இரண்டு பெருந்தொகைகளின் கூட்டல், ஒதுக்கிய இடம் கொள்ளாமல் சுழன்று எதிர்மறை எண்ணாகிவிட, வரவை மிஞ்சிய செலவு இல்லை என்று பிட்காயினின் கணினி நிரல் விட்டுவிட்டது. கட்டு எல்லோரும் பார்க்கும்படி கிடந்ததால், ஜெஃப் கார்சிக் என்பவர் கண்டுபிடித்துச் சொன்னார். சில மணி நேரத்தில் சடோஷி நகமோட்டோ திருத்திய நிரலை வெளியிட்டார்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. பிட்காயினை உருவாக்கிய சடோஷியாலேயே அந்தத் திருத்தத்தை அடுத்தவர் கணினியில் ஏற்ற முடியாது. நம்மூர்க் குடிமராமத்து மாதிரிதான். மடை எங்கே ஒழுகுகிறது என்று யாரும் சொல்லலாம், அடைக்க யோசனையும் தரலாம். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்தால்தான் கரை உயரும். அன்று வந்தார்கள். புதிய நிரலை ஏற்றியவர்கள், கெட்ட கட்டுக்கு முந்தைய இடத்திலிருந்து வேறு சங்கிலி பின்ன, 74691ஆம் கட்டில் அது பழையதை முந்தியது. நீளமான சங்கிலியைப் பின்பற்றுவது விதி என்பதால் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

எப்போதும் இப்படி ஒத்துப்போவதில்லை. 2016இல் திருட்டுப் பணத்தை மீட்பதா என்ற சண்டையில் எதீரியம் என்ற இன்னொரு பிளாக்செயின் இரண்டாகவே பிரிந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த வட்டெழுத்தும் திறந்த வெளியில்தான் இருந்தது. போகிற வருகிறவர்களில் எத்தனை பேரால் படிக்க முடிந்திருக்கும்? பிட்காயின் நிரலும் எவரும் படிக்கலாம் என்றுதான் கிடக்கிறது. 2018 செப்டம்பரில் அதில் ஒரு பெரிய பிழை தெரியவந்தது. அதே காசை ஒரே பரிவர்த்தனையில் இருமுறை செலவழிக்க விடும் பிழை. ஓராண்டாக, அத்தனை பேர் கண்ணெதிரே.