மியூவானின் தலையாட்டமும் மறைந்திருக்கும் பார்களும்

முட்டம் கடற்கரையில் நின்று உள்ளங்கையை வானம் பார்க்க விரித்தால், ஒரு நிமிடத்துக்குள் ஏறத்தாழ நூறு மியூவான்கள் அதைத் துளைத்துக்கொண்டு போகும். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேல்காற்றில் மோதும்போது பிறப்பவை அவை. எலக்ட்ரானுக்கு உள்ள மின்னூட்டமே மியூவானுக்கும். நிறை மட்டும் 207 மடங்கு. சராசரி ஆயுள் நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்குதான்.

எலக்ட்ரான், மியூவான், டாவ் ஆகிய லெப்டான்கள் ஒவ்வொன்றும் சுழலும் ஒரு குட்டிக் காந்தம். அந்தக் காந்தத்தின் வலிமைதான் காந்தத் திருப்புத்திறன். வெளியே வேறொரு காந்தப்புலம் இருந்தால், வேகம் தணியும் பம்பரம் தலையாட்டுவதுபோல லெப்டானின் சுழல் அச்சும் வட்டமிடும். எவ்வளவு வேகமாக என்பதைச் சொல்லும் எண்ணுக்கு 'ஜி' என்று பெயர். இயற்பியலாளர் டிராக்கின் 1928ஆம் ஆண்டுச் சமன்பாட்டின்படி அது சரியாக 2. அதைவிடச் சற்று அதிகம் என்று 1948இல் ஷ்விங்கர் கணக்கிட்டுக் காட்டினார்.

அந்தச் 'சற்று' எங்கிருந்து வருகிறது? கடலடிப் பாறைத் திட்டுகளை நம் மீனவர்கள் பார் என்பார்கள். பார் கண்ணுக்குத் தெரியாது; ஆழம் குறைந்த இடமானால் அதன்மேல் அலை வேறுவிதமாக எழும்பும். வெற்றிடமும் அப்படித்தான். கணப்பொழுது தோன்றி மறையும் துகள்கள் அதில் நிறைந்திருக்கின்றன. அவை லெப்டானின் தலையாட்டத்தை இம்மியளவு மாற்றுகின்றன. நாம் இன்னும் கண்டறியாத கனமான துகள்கள் இருந்தால், அவையும் தம் பங்கைச் சேர்த்தே ஆகவேண்டும். அந்தப் பங்கு பொதுவாக லெப்டானின் நிறையின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும். எலக்ட்ரானை இன்னும் துல்லியமாக அளக்க முடிந்தாலும் மியூவானை நாடுவது இதனால்தான்: சுமார் 43,000 மடங்கு கூடுதல் உணர்திறன். டாவ் இன்னும் கனமானது. ஆனால் அளப்பதற்காக ஒரு காந்த வளையத்தில் சுற்றவிடும் அளவுக்கு அது உயிரோடு இருப்பதில்லை.

அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் அந்த வளையம் இருக்கிறது. ஏறத்தாழ 15 மீட்டர் அகலமுள்ள அதன் காந்தச் சுருள்களை 2013இல் புரூக்ஹேவன் ஆய்வகத்திலிருந்து படகிலும் லாரியிலும் கொண்டுவந்தார்கள். ஒளியை நெருங்கும் வேகத்தில் சுற்றும்போது மியூவானின் ஆயுள் 29 மடங்கு நீள்கிறது. ஜி சரியாக 2 என்றால், சுழல் அச்சு ஓடும் திசையையே என்றும் காட்டிக்கொண்டிருக்கும். உண்மையில் அது சிறிது சிறிதாக முந்துகிறது. சுமார் 29 சுற்றுக்கு ஒருமுறை முழு வட்டமே முந்திவிடுகிறது. வளையத்தில் சுற்றவிட்டது நேர் மின்னூட்டமுள்ள எதிர்மியூவான்களை; அவை சிதையும்போது தெறிக்கும் பாசிட்ரான்களை (எலக்ட்ரானின் எதிர்த்துகள்களை) எண்ணி இதை அளந்தார்கள். எவ்வளவு அழகான வழி!

2021இல் வெளியான அளவு அன்றைய கணக்கோடு ஒத்துப்போகவில்லை. தற்செயலாக அப்படி நேர 40,000இல் ஒரு வாய்ப்புதான். மீச்சமச்சீர்மைத் துகள்கள், லெப்டோகுவார்க்குகள், இருள் ஃபோட்டான் என்று இன்னும் காணாத துகள்களைச் சேர்த்து, செந்தர மாதிரியை (இன்று நாம் அறிந்த துகள்களின் கோட்பாட்டை) விரிக்கும் கோட்பாடுகள் பல அந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தன. 2025 ஜூனில் வந்த இறுதி அளவின் பிழை நூறு கோடியில் 127 பங்கே. அளவு அசையவில்லை, அசைந்தது கணக்கு. புரோட்டானின் உட்துகள்களான குவார்க்குகள் இந்தத் தலையாட்டத்தில் சேர்க்கும் பங்கைக் கணினியில் நேரடியாகக் கணித்த புதிய முறை, செந்தர மாதிரியின் விடையை அளவுக்கு அருகே கொண்டுவந்துவிட்டது.

இதில் ஏமாற்றம் கொள்ள எனக்கு எதுவும் தெரியவில்லை. புதிய துகள் கனமாக இருக்கலாம், அல்லது மியூவானோடு மெலிதாகவே உறவாடலாம். இரண்டும் இல்லாத மாதிரிகளுக்கு இந்த எண் கதவடைக்கிறது. பார் இல்லாத இடம் எது என்று தெரிவதும் கடலை அறிவதுதானே. ஆனால் இன்று கணக்கின் பிழை அளவீட்டின் பிழையைவிட நான்கு மடங்கு பெரிது. குவார்க்குகளின் பங்கைக் கணிக்கும் பழைய முறைக்கு ஆதாரமாக எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டுத் திரட்டிய பழைய தரவுகளும், 2023இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் கிடைத்த புதிய தரவும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஏன் என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.