அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கித் தரும் பிள்ளைகளுக்கு

இந்த வாரமும் ஒரு பெரியவர் கர்ச்சீப்பில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். மகன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த காது மிஷின். "போட்டா தலை வலிக்குது டாக்டர், கழட்டி வச்சிட்டேன்" என்றார். (நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கும் திறனைச் சோதித்து மிஷின் பொருத்துபவர், டாக்டர் இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு.) அது காதொலிக் கருவியே இல்லை. காதில் விழும் எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருக்கித் தள்ளும் ஆம்ப்ளிஃபையர்.

பிள்ளைகள் அக்கறையில்தான் வாங்குகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது ஒரே ஒரு நினைப்பின் மேல்: "காது மந்தம்னா சத்தம் பத்தல, கூட்டி வச்சா சரியாயிடும்."

ஆகாது. வயதாகிக் காது மந்தமாகும்போது எல்லா ஒலியும் சமமாகக் குறைவதில்லை. பெரும்பாலும் முதலில் போவது மேல்ஸ்தாயி ஒலிகள். ஆ, ஊ, ஓ எல்லாம் கீழ்ஸ்தாயியில் இருப்பதால் நன்றாகவே கேட்கும். ச, க, ப, த இவற்றைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் மேல்ஸ்தாயியில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் சட்டை, கட்டை, பட்டை மூன்றும் ஒன்றுதான். அதனால்தான் "பேசறது கேக்குது, என்னன்னுதான் புரியல" என்கிறார்கள். வீட்டிலோ "வேணும்னே காதுல வாங்க மாட்டேங்கறார்" என்று பெயர். இப்போது ஏற்கெனவே கேட்கிற ஒலியையும் சேர்த்துக் கூட்டுங்கள்: மிக்ஸியும் பஸ் ஹாரனும் மண்டையில் இறங்கும், பேச்சு அப்போதும் புரியாது.

இன்னொன்று. மெதுவாகப் பேசினால் "என்ன?" என்பார், கொஞ்சம் குரலை உயர்த்தினால் "ஏன் கத்தறே?" என்பார். வீம்பு இல்லைங்க. உள்காது பழுதானால் மெல்லிய சத்தம் கேட்காது, பலத்த சத்தம் மட்டும் நமக்குக் கேட்கிற அதே பலத்தோடு கேட்கும். நடுவில் இருக்கும் இடம் குறுகிவிடுகிறது. பேச்சை அந்த இடத்துக்குள் அடக்கித் தருவதுதான் நல்ல கருவியின் வேலை.

அந்த இடம் எவ்வளவு என்று தெரியத்தான் ஆடியோகிராம், அதாவது காது எந்த ஒலியை எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை வரைபடம். கீழ்ஸ்தாயியிலிருந்து மேல்ஸ்தாயி வரை (250 முதல் 8000 ஹெர்ட்ஸ்), ஒவ்வொரு காதுக்கும் தனியாக, வெளிச்சத்தம் நுழையாத அறையில் எடுக்க வேண்டும். போன் ஆப்பில் எடுத்ததைக் காட்டாதீர்கள்.

"அமெரிக்காவுல கடையிலேயே விக்கறாங்களே?" விற்கிறார்கள்தான், 2022 அக்டோபர் முதல். 18 வயது நிரம்பியவர்களுக்கு, லேசானது முதல் நடுத்தரம் வரையிலான குறைபாட்டுக்கு மட்டும். 80 டெசிபல் பலத்துக்குக் குறைந்த ஒலியே கேட்காத அளவுக்குப் போய்விட்ட அப்பாவுக்கு அதைக் கொரியரில் அனுப்பிப் பயனில்லை.

வந்ததும் எல்லாரும் கேட்பது "எத்தனை சேனல்?" (ஒலியை எத்தனை பகுதியாகப் பிரித்துத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு.) அதை விடுங்கள். பொருத்துபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா, காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு ஒலி எவ்வளவு சேர்கிறது என்று அளந்து பார்ப்பாரா, வாங்கும் முன் போட்டுப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். அப்பா நாள் முழுக்க மளிகைக் கடையில் உட்காருகிறவரா, வீட்டில் டிவி பார்ப்பவரா என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். சர்க்கரையால் விரல் மரத்துப் போனவருக்கு, வெளியே தெரியக் கூடாது என்று காதுக்குள் மறையும் குட்டி மிஷினா? பேட்டரியை யார் மாற்றுவது? காதில் சீழ் வடிந்தால் காதை அடைத்து மூடும் மோல்டு (காதின் அளவுக்கு வார்த்த அச்சு) வேண்டாம், முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர்.

வாங்கிய மறுநாளே கல்யாண மண்டபத்துக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மேளச் சத்தத்தில் வெறுத்துவிடும். வீட்டில் சில மணி நேரம் போட்டுப் பழகட்டும். மூளைக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். சரிப்படாவிட்டால் திரும்ப வாருங்கள், அளவை மாற்றித் தருவோம், அதற்குத்தானே இருக்கிறோம். பட்டன் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிஷம் காற்றுப் படட்டும். இரவில் ஈரம் போக மிஷினைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். அரிசி டப்பா இல்லை.

பணம்தான் தடை என்றால் மாற்றுத்திறனாளி சான்றிதழோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தகுதி உள்ளவர்களுக்கு காதொலிக் கருவி இலவசம்.

இதையெல்லாம் சொன்னது மெதுவாகக் குறைந்த காதுக்கு. தூங்கி எழுந்ததும் ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்றால் மிஷின் விலை விசாரிக்காதீர்கள், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு தொடங்க ஒவ்வொரு நாளும் முக்கியம். எண்ணெய் காய்ச்சி ஊற்றிப் பார்த்துவிட்டு ஒரு மாதம் கழித்து என்னிடம் வராதீர்கள், தயவுசெய்து.